மனோதர்மமும் கேட்கும் செவியும்

மேலைநாட்டில் ‘ஜாம்’ இசைக்குழு எனப்படுவோர், அமைந்த பாடலொன்றை மேடையிலேயே கற்பனையால் விரித்து வாசிப்பவர். அதனைக் கட்டுப்பாடற்ற ஆரவாரம் என ஒதுக்குதல் எளிது, ஆனால் பொருந்தாது. 1965இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘கிரேட்புல் டெட்’ குழுவினர் ஒரே பாடலை இரவுக்கு இரவு வேறுவிதமாக வளர்த்தனர். ஒருவர் விடும் இழையை மற்றவர் செவிமடுத்துப் பற்றுவதே அக்கலையின் இலக்கணம்.

நாகசுர மரபு அறிந்தார்க்கு இது புதிதன்று. இராக ஆலாபனை எழுதிவைத்த உருப்படியன்று. இராக வரம்புக்குள் அவ்வப்போது பிறப்பது. இரட்டைத் தவிலில் ஒருவர் வாசித்த சொற்கட்டை மற்றவர் வாங்கி வளர்ப்பார். அக்குழுவின் தாளவாத்தியக் கலைஞர் மிக்கி ஹார்ட், 1991இல் வெளிவந்த ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் நம் கடம் விக்கு விநாயக்ராமுடன் சேர்ந்து வாசித்ததும் இவ்வுறவினாலன்றோ!

பினாங்கில் தைப்பூச வெள்ளித் தேர் ஜார்ஜ் டவுன் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்கையில் மேளமும் உடன் செல்கிறது. ஆயின் தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகள் பதிவுப் பாடல்களை முழக்கும் இடங்களில் ஆலாபனை அமிழ்ந்துவிடுகிறது. கூட்டத்தார்க்கு நாகசுரம் கேளாமற் போவது ஒரு குறை. தவில்காரருக்கே கேளாமற் போயின், மனோதர்மத்திற்கு அங்கு இடமேது? பழகிய பாட்டைத் தனித்தனியே வாசித்துச் செல்வதே மிஞ்சும்.

மேளம் கடக்கும் சில நிமிடங்களேனும் பந்தல்கள் ஒலியைத் தாழ்த்துதல் நன்று. கேட்கும் செவி இருந்தால்தான் இக்கலை வளரும்.