மோதிரம் யாரைக் காப்பாற்றுகிறது?

சகுந்தலை கதை என்றதும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மோதிரம்தான். தண்ணீரில் விழுந்தது, மீன் விழுங்கியது, மீனவன் கையில் கிடைத்தது, ராஜாவுக்கு எல்லாம் நினைவு வந்தது. ஆனால் மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வரும் சகுந்தலை கதையில் மோதிரமே கிடையாது. துர்வாசர் சாபம் கிடையாது. மீனும் கிடையாது. அப்படியானால் அந்த மோதிரம் கதைக்குள் வந்து என்ன வேலை செய்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் மகாபாரதக் கதை. அங்கே சகுந்தலை வாயில்லாப் பூச்சி இல்லை. எனக்குப் பிறக்கும் பிள்ளைதான் உனக்குப் பிறகு அரசாள வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுவிட்டுத்தான் துஷ்யந்தனை மணக்கிறாள். பிறகு பையனை அழைத்துக்கொண்டு அரசவைக்கு வருகிறாள். ராஜாவுக்கு எல்லாம் நன்றாகவே நினைவிருக்கிறது. இருந்தும் "உன்னைத் தெரியாது" என்கிறான். அவள் சளைக்காமல் சபை நடுவே வாதாடுகிறாள். கடைசியில் ஒரு அசரீரி, இவன் உன் பிள்ளைதான் என்று சாட்சி சொல்கிறது. உடனே ராஜா என்ன சொல்கிறான் தெரியுமா? எனக்கும் தெரியும், ஆனால் இவள் பேச்சை மட்டும் நம்பி ஏற்றுக்கொண்டால் ஊர் சந்தேகப்படும், அதனால்தான் அப்படிப் பேசினேன் என்கிறான். ஆக, இந்தக் கதையில் பொய் சொன்னவன் ராஜா. அதில் குழப்பமே இல்லை.

இரண்டாவது, பௌத்த ஜாதகக் கதைகளில் ஒன்றான கட்டஹாரி ஜாதகம். விறகு பொறுக்கும் பெண் ஒருத்தியோடு ராஜா கூடுகிறான், முத்திரை மோதிரம் ஒன்றைக் கொடுக்கிறான். பிள்ளை ஓடியாடி விளையாடும் வயதில் அவள் அவனோடு அரண்மனைக்கு வருகிறாள். ராஜாவுக்குச் சபை முன்னால் வெட்கம், தன் பிள்ளை இல்லை என்கிறான். அவள் மோதிரத்தை நீட்டுகிறாள். அதுவும் என்னுடையது இல்லை என்கிறான்! வேறு வழியில்லாமல் அவள் சத்தியம் செய்து குழந்தையை ஆகாயத்தில் வீசுகிறாள். குழந்தை கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதன் பிறகுதான் ராஜா கை நீட்டி வாங்கிக்கொள்கிறான்.

மூன்றாவது, காளிதாசனின் அபிஞ்ஞான சாகுந்தலம். நான்காம் அங்கத்தில் சாபம். ஐந்தாம் அங்கத்தில் சபையில் மறுப்பு. மோதிரத்தைக் காட்டலாம் என்று பார்த்தால் விரலில் மோதிரம் இல்லை. ஆறாம் அங்கத்தில் மீனவனும் மோதிரமும். ராஜாவுக்கு நினைவு திரும்பி, துக்கத்தில் கரைகிறான்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கதையில் மோதிரம் இல்லை, ராஜா பொய் சொல்கிறான். இரண்டாவதில் மோதிரம் கையிலேயே இருக்கிறது, அப்போதும் பொய் சொல்கிறான். மூன்றாவதில் மோதிரம் தொலைகிறது, ராஜா நிரபராதி ஆகிவிடுகிறான். மோதிரத்தைத் தொலைத்தது சகுந்தலை. முனிவரைக் கவனிக்காமல் சாபம் வாங்கியதும் சகுந்தலை. தப்பு முழுக்க அவள் பக்கம் நகர்ந்துவிட்டது. ரொமிலா தாப்பர் 1999-ல் வந்த தன் சகுந்தலை நூலில் இந்த இரண்டு சகுந்தலைகளுக்கும் உள்ள தூரத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நான் அதை என் தொழில் வழியாகப் பார்க்கிறேன்.

மென்பொருளில் 'பேரர் டோக்கன்' என்று ஒன்று உண்டு. நீங்கள் ஒரு செயலிக்குள் ஒருமுறை நுழைந்தால், அடுத்தமுறை கடவுச்சொல் கேட்காமல் இருக்க ஒரு டோக்கன் தருவார்கள். யார் கையில் அது இருக்கிறதோ அவர்தான் உரியவர். வேறு கேள்வி கிடையாது. சகுந்தலையின் மோதிரம் அச்சு அசல் இதுதான். பழைய 'டோக்கன் ரிங்' வலையமைப்பும் இதே கதை. ஐபிஎம் 1985-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணினிகள் வளையமாக இணைந்திருக்கும், ஒரு டோக்கன் சுற்றி வரும், அது தன்னிடம் வரும்போதுதான் ஒரு கணினி பேச முடியும். டோக்கன் தொலைந்தால் வளையம் முழுக்க மௌனம். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் தொலையும் என்று எதிர்பார்த்தே வடிவமைத்தார்கள். கண்காணிக்கும் ஒரு கணினி, டோக்கன் காணோம் என்று தெரிந்ததும் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும்.

காளிதாசனின் நாடகத்தில் அந்தக் கண்காணிப்பு வேலையைச் செய்யக்கூடியவர்கள் இரண்டு பேர்: அனசூயை, பிரியம்வதை. சாபமும் தெரியும், அது எப்படி நீங்கும் என்றும் தெரியும். ஆனால் தோழி மனசு தாங்காது என்று அவளிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். ராஜா அடையாளம் காணத் தயங்கினால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். உண்மை தெரிந்த ஒருவர்கூட அந்தச் சபையில் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு பொருளில் தொங்குகிறது. பொறியாளர் கண்ணுக்கு இது மோசமான வடிவமைப்பு. நாடகக்காரர் கண்ணுக்கு இதுதான் நாடகமே! அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாம் அங்கத்து ராஜாவின் வேதனைக்கு உயிர் வருவதே அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதால்தான். அந்த அழகுக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்கலாம் என்பதுதான் என் கட்சி.

ராமாயணத்துக் கணையாழி இதைவிட நன்றாக வடிவமைக்கப்பட்டது. அசோகவனத்தில் அனுமன் எடுத்தவுடன் மோதிரத்தை நீட்டுவதில்லை. ராமனின் அங்க அடையாளங்களைச் சொல்கிறான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான், அதன் பிறகுதான் கணையாழி. பதிலுக்குச் சீதை சூடாமணி தருகிறாள். வால்மீகியில் அதோடு காகத்தின் கதையையும் சொல்லி அனுப்புகிறாள், ராமனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சம்பவம். பொருளும் வேண்டும், ரகசியமும் வேண்டும், இரண்டு பக்கமும் சரிபார்க்க வேண்டும். இன்றைக்கு வங்கிச் செயலி ஓடிபி கேட்கிற லாஜிக் இதேதான். இவ்வளவு பக்காவாகச் செய்தும் யுத்தம் முடிந்தபின் சீதை தீயில் இறங்க வேண்டியிருந்தது. ராமன் தூதனை அவளுக்கு நிரூபிக்கக் கணையாழி போதும்; அவளை ராமனுக்கு நிரூபிக்க எந்த நகையும் போதவில்லை.

இங்கேதான் நம் சிலப்பதிகாரம் தனியாக நிற்கிறது. சிலம்பும் ஒரு வளையம்தான், காலுக்கு. மதுரையில் பொற்கொல்லன் திருடிவிட்டு, பழியைக் கோவலன் மேல் போடுகிறான். அதே டோக்கன் விதி, தலைகீழாக: சகுந்தலைக்குக் கையில் இல்லாததால் தண்டனை, கோவலனுக்குக் கையில் இருந்ததால் தண்டனை. பாண்டியன் விசாரிக்கவே இல்லை. கண்ணகி வந்து என்ன செய்கிறாள்? வளையத்தின் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள். கட்டஹாரி ராஜா மாதிரி "என்னுடையது இல்லை" என்று மழுப்ப இடமே இல்லை. முக்கியமாக, பாண்டியன் மழுப்பவும் இல்லை. நானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான். சாபம், மறதி என்று எந்தச் சாக்கும் அவனுக்குத் தரப்படவில்லை. மோதிரம் மன்னனைக் காப்பாற்றியது. சிலம்பு மன்னனைக் காட்டிக்கொடுத்தது.

சரி, உடைத்துப் பார்த்தால் உண்மை சொல்லும் வளையம் இயற்கையில் உண்டா? உண்டு. மரத்துக்குள் இருக்கும் ஆண்டு வளையங்கள். ஆண்ட்ரூ டக்ளஸ் என்ற வானியலாளர் இவற்றை வரிசையாக ஒப்பிட்டு, 1929-ல் அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடிக் கட்டடங்களுக்கு ஆண்டு சொல்லிவிட்டார். நம் ஊர் தேக்கிலும் வளையங்கள் தெளிவாக விழும். கேரளத் தேக்குகளை வைத்துப் பழைய பருவமழையை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வளையம் யாரும் யாருக்கும் கொடுத்தது இல்லை. நடந்ததை நடந்தபோதே எழுதிக்கொண்டது. எங்கள் பாஷையில் சொன்னால் டோக்கன் இல்லை, லாக். டோக்கன் தொலையும், திருடுபோகும். லாக் அந்த உடம்போடே வளர்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. மீன்களுக்குக் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கும். அதிலும் மர வளையம் மாதிரியே வளையங்கள். அதை எண்ணித்தான் பல மீன்களுக்கு வயது கணிக்கிறார்கள். சகுந்தலையின் மோதிரத்தை விழுங்கிய மீனுக்குள் அப்படிப் பார்த்தால் இரண்டு வகை வளையங்கள் இருந்தன. ராஜா பேர் போட்ட தங்க வளையத்தை மட்டும் அரண்மனைக்கு எடுத்துப்போனார்கள்.

சகுந்தலைக்கும் அப்படி ஒரு லாக் இருந்தது. சபைக்கு வந்தபோது அவள் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை. துஷ்யந்தனின் சபை அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மோதிரத்தைக் கேட்டது.