கற்பிப்போரின் கற்கை: ஒரு விமர்சன நோக்கு

தாம் கற்ற முறையிலேயே பிறருக்கும் கற்பிக்க முற்படுவது மனித இயல்பு. பல்கலைக்கழகப் பேராசிரியரும் இதற்கு விதிவிலக்கல்லர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கல்விக் கலாநிதிப் பட்டம் எதிர்நோக்கிய நெருக்கடியை இவ்வுண்மையின் ஒளியிலேயே நோக்குதல் வேண்டும்.

1920 இல் ஹாவாட் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை ஏற்படுத்தியது. கல்வித்துறையிற் பணிபுரிவோருக்குரிய உயர் தொழிற்பட்டமாக விளங்கவேண்டிய அது, காலப்போக்கில், தத்துவக் கலாநிதிப் பட்டத்தின் மெலிந்த சாயலாயிற்று. பாடசாலைத் தலைமையை நாடுவோருக்கு இப்பட்டமே வேண்டாமென 2005 இல் ஆதர் லெவின் எழுதினார். அதனை ஒழித்தலன்று, வேறுபடுத்தி மீளமைத்தலே வழியென 2006 இல் லீ ஷுல்மனும் அவர்தம் சகாக்களும் வாதிட்டனர். 2007 இல் 20 இற்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் கார்னெகி செயற்றிட்டத்தின் கீழ் ஒன்றிணைந்தன. இன்று அவற்றின் தொகை 100 ஐத் தாண்டிவிட்டது.

இவ்வமைப்பு ஒரே பாடத்திட்டத்தை அனைவர் மீதும் திணிக்கவில்லை. 6 பொதுத் தத்துவங்களை மட்டும் வகுத்தது. பாடசாலையில் எழும் உண்மைப் பிரச்சினையொன்றை ஆராயும் நடைமுறை ஆய்வேட்டை வற்புறுத்தியது. ஆயின் இத்தகைய ஆய்வை நெறிப்படுத்த வேண்டியோரிற் பலர் தத்துவக் கலாநிதி மரபில் உருவானவர்களே. எனவே முதலிற் கற்கவேண்டியோர் மாணவரல்லர், பேராசிரியரே. இதற்காகவே அவர்கள் ஒன்றுகூடித் தத்தம் திட்டங்களை முன்வைத்து, ஒருவர்க்கொருவர் விமர்சன நண்பராய் நின்று குறைகளைச் சுட்டுகின்றனர். தம் அறியாமையைச் சமதையானோர் முன் ஒப்புக்கொள்ளும் இத்துணிவே இம்முயற்சியின் தலையாய பேறு எனலாம்.

எனினும் இரு ஐயங்கள் எழுகின்றன. நண்பரின் விமர்சனம் நாளடைவில் வெறும் உபசாரமாகிவிடக்கூடும். மேலும், பதவியுயர்வு பெரிதும் ஆய்வுக் கட்டுரைகளையே சார்ந்துள்ள சூழலில், கற்பித்தலைத் திருத்தப் பாடுபடும் விரிவுரையாளருக்குக் கிட்டும் கைம்மாறு யாது? நிறுவனத்தின் மதிப்பீடுகள் மாறாதவரை, தனிமனிதரின் கற்கை கூட்ட மண்டபத்துடனேயே நின்றுவிடும்.

பேராசிரியர் தம்முள் கூடிக் கற்பது வரவேற்கத்தக்கது. ஆயின் அக்கற்கையின் பெறுமதியைப் பேராசிரியரே தீர்மானித்தல் போதாது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும், அவர்முன் அமர்ந்திருக்கும் பிள்ளையும் அதனாற் பெற்ற பயன் யாதென்பதே இறுதி உரைகல். அவ்வுரைகல்லை அஞ்சாது நாடும் கூட்டுறவே அறிவின் கூட்டுறவாகும்; ஏனையவை புலமையாளரின் சந்திப்புகள் மட்டுமே.