பனித்தரைக்குப் பின்னால்: மறைந்து உழைப்பதன் நிறையும் குறையும்

ஐஸ் ஷோவுக்குப் போகிறவர் கண்ணில் படுவது வெள்ளைத் தரையும் அதன்மேல் சுழலும் ஸ்கேட்டர்களும்தான். அந்தத் தரையை உறையவைத்தவர், விளக்கைத் திருப்பியவர், அறுந்த கொக்கியை அவசரமாகத் தைத்துக் கொடுத்தவர் யாரும் தெரிவதில்லை. தெரியக் கூடாது என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். கறுப்புச் சட்டை, கறுப்புத் திரை, காதோடு பேசும் ஹெட்செட் எல்லாம் அதற்காகவே. இந்தச் சட்டத்தால் கலைக்குக் கிடைத்த லாபம் பெரிது. ஆனால் ஆட்டத்துக்காக உண்டான சட்டம் பாதுகாப்புச் சோதனை, ஓய்வு நேரம், பெயர்ப்பட்டியல் வரை பரவியதால் நேர்ந்த கேடும் சிறிதல்ல. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

ஊர் ஊராகப் போகும் ஐஸ் ஷோ பெருந்தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். 1936-இல் ஐஸ் ஃபாலீஸ், 1940-இல் ஐஸ் கேபேட்ஸ், 1943-இல் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஹாலிடே ஆன் ஐஸ் என்று குழுக்கள் அடுத்தடுத்துக் கிளம்பின. மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற நார்வேக்காரர் சோன்யா ஹெனியும் பெரிய குழுவோடு ஊர் ஊராகப் போனார். 1981 முதல் டிஸ்னி ஆன் ஐஸ் அதே தடத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பனித்தரை இல்லாத ஊரில் எப்படி ஆடுவது என்ற கேள்விக்கு ஹாலிடே ஆன் ஐஸ் கண்ட விடை, தரையையும் கூடவே எடுத்துப் போவது. அரங்கத்தில் குழாய்களை வரிசையாகப் பரப்பி, பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த கிளைக்கால் கரைசலை அவற்றில் ஓடவிட்டு, மேலே தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மெல்லிய அடுக்குகளாக உறையவைக்கிறார்கள். மொத்தமாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்கும், தரை விரிசல் விடும். நடுவில் ஓர் அடுக்கு வெள்ளைச் சாயம். அது இல்லாவிட்டால் கீழே இருக்கும் கான்கிரீட்டின் சாம்பல் நிறம்தான் தெரியும்.

உறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது. ஐஸ் ஹாக்கிக்குத் தரை கெட்டியாக இருக்க வேண்டும். மைனஸ் 5, 6 டிகிரி அதற்குச் சரி. ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் 3, 4 டிகிரி போதும். கொஞ்சம் இளகிய தரையில்தான் பிளேடின் முனைப்பல் ஊன்றிக் குதிக்க வரும், இறங்கும்போது அடியும் குறையும். ஆனால் ஷோ நடக்கும் அரங்கில் விளக்கின் வெப்பம், ஆயிரக்கணக்கானவர்களின் உடல் சூடு, புகை இயந்திரத்தின் ஈரம் எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கைக் குலைத்துக்கொண்டே இருக்கும். பனித்தரைத் தொழில்நுட்பர் மாலை முழுக்க அந்த ஓரிரு டிகிரியோடு மல்லுக்கட்டுகிறார். கலிஃபோர்னியாவின் பாரமவுண்ட் நகரில் ஃபிராங்க் ஜாம்போனி 1949-இல் உருவாக்கிய தரை செப்பனிடும் வண்டி இந்த உழைப்பைப் பெருமளவு குறைத்தது. அதன் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் சோன்யா ஹெனியும் ஒருவர். தன் பயணங்களுக்கென்றே அதை வாங்கினார். கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவிவிட்டு அந்த வண்டி வெந்நீரைப் பரப்புகிறது. வெந்நீர் பழைய பனியை லேசாக உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம்.

வண்டி வரமுடியாத நேரங்களில் கைவேலைதான். ஸ்கேட்டர் குதிக்கும்போது முனைப்பல் தரையில் ஒரு குழியைத் தோண்டுகிறது, விரல்நுனி நுழையும் அளவு இருக்கும். வாளியில் ஈரப்பனிக் கூழோடு வருகிற ஊழியர் குனிந்து, குழியில் அதை அடைத்து, அழுத்தி, மட்டமாகத் தேய்த்துவிட்டு அடுத்த குழிக்கு நகர்கிறார். அற்ப வேலையாகத் தோன்றும். ஆனால் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யு குறும் நிகழ்ச்சியின் முதல் தாவலுக்குக் காலை ஊன்றியபோது, பனியில் இருந்த ஒரு குழியில் பிளேடு மாட்டியது. நான்கு சுற்று சுற்ற வேண்டியவர் ஒரே சுற்றோடு இறங்கினார். அன்று எட்டாம் இடம், கடைசியில் நான்காம் இடம். இரண்டு முறை தொடர்ந்து ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே இந்தக் கதி. போட்டியில் தவறினால் போவது பதக்கம். விளக்கணைத்த ஷோவில் இருபது பேர் கைகோத்து வேகமாகச் சுற்றும்போது ஒரு குழியோ விழுந்து கிடக்கும் ஒரு கொண்டை ஊசியோ காலில் பட்டால் எலும்பே முறியலாம்.

மறைந்து உழைக்கும் வழக்கத்தின் முதல் நிறை இந்தக் கவனத்தில்தான் இருக்கிறது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் குழியைச் சரியாக அடைப்பதற்கு ஒரு தொழில் தர்மம் வேண்டும். பிளேடைக் கழற்றாமலே உடை மாற்றும்படி பக்கவாட்டில் திறக்கும் கால்சட்டைகளைத் தைப்பதும், பிளேடு மழுங்காமலிருக்க உடைமாற்றும் அறைவரை ரப்பர் விரிப்பதும் அதே தர்மத்தின் விளைவுகள். பதக்கம் கிட்டாத எத்தனையோ ஸ்கேட்டர்களுக்கு இந்தப் பயணக் குழுக்கள் சோறு போட்டிருக்கின்றன. பனியையே பார்த்திராத ஊர்களுக்கு இந்தக் கலையைக் கொண்டு சேர்த்ததும் இவைதான். 2023 பிப்ரவரி 26 அன்று, பேஸ்பால் ஆடும் டோக்கியோ டோமில் 35,000 பேர் முன்னால் ஹன்யு தனியொருவராக ஆடினார். தனியொருவர் ஆட்டத்துக்கே அங்கே தரையை உறையவைக்க ஒரு பெரும்படை தேவைப்பட்டது.

குறைக்கு வருவோம். கண்ணில் படாத இடம் சோதனைக்கும் தப்பிவிடுகிறது. 1952 மார்ச்சில் பால்டிமோரில் சோன்யா ஹெனியின் நிகழ்ச்சி தொடங்குமுன்பே தற்காலிக இருக்கை வரிசை சரிந்து 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 1963 அக்டோபர் 31 இரவு, இண்டியானாபொலிஸில் ஹாலிடே ஆன் ஐஸ் முடிவுக்கு வரும் நேரத்தில், இருக்கைகளுக்கு அடியிலிருந்த தின்பண்ட அறையில் புரொபேன் வாயு கசிந்து வெடித்தது. 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 400 பேர் காயமடைந்தார்கள். அந்தப் புரொபேன் சிலிண்டர்கள் ஆட்டக் குழுவுடையவை அல்ல என்பது உண்மை. ஆனாலும் வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டத்தை ஒவ்வொரு அசைவாகத் திருத்திய அரங்க உலகம், இருக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த குறை அசதி. சனிக்கிழமை மூன்று காட்சி, ஞாயிறு கடைசிக் காட்சி முடிந்ததும் இரவோடு இரவாகப் பிரித்து லாரியில் ஏற்றுவது என்பது இந்தத் தொழிலில் சகஜம். விளம்பரத்தில் அச்சிட்ட தேதியில் திரை விலகியே ஆக வேண்டும். ஆகவே பாரம் முழுவதும் தூக்கத்தின் தலையில் விழுகிறது. தொங்கும் விளக்குச் சட்டத்துக்குக் கீழே, ஈரத் தரையில், மின்கம்பிகளுக்கு நடுவில் தூக்கக் கலக்கத்தோடு வேலை செய்வதைத் தொழில்பற்று என்று புகழ்வது தவறு. அது ஆபத்து. மூன்றாவது குறை, அறிவு ஏட்டில் ஏறாமல் போவது. எந்த அரங்கத்தில் எந்த மூலை முதலில் இளகும் என்பது அனுபவசாலியின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் கூடவே போய்விடுகிறது.

திரையை விலக்கினால் மாயம் கலைந்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். ஆட்டம் நடக்கும் நிமிடங்களுக்கு அந்த வாதம் முழுக்கச் சரி. இருட்டில் நகரும் கறுப்புச் சட்டையை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் போட்டிகளைப் பாருங்கள். ஹன்யு போட்டிகளில் ஆடிய காலத்தில், அவர் ஆடி முடித்ததும் ரசிகர்கள் மழையாகக் கொட்டிய வின்னி த பூ பொம்மைகளைச் சிறுவர்கள் ஓடியோடிப் பொறுக்கினார்கள். வாளிக்காரர்கள் முழு வெளிச்சத்தில் குழி அடைப்பார்கள். அதனால் யாருடைய பரவசமும் குறைந்ததில்லை. தரை எப்படி உருவானது என்று தெரிந்தவருக்குத் தாவல் இன்னும் அதிசயமாகவே தெரிகிறது.

ஆகவே ஆட்ட நேரத்தின் இருட்டு இருக்கட்டும். அது கலையின் தேவை. சோதனைப் பதிவேட்டிலும் ஓய்வு நேரக் கணக்கிலும் நிகழ்ச்சிக் கையேட்டிலும் இருட்டுக்கு வேலையில்லை. இரண்டு காட்சிகளுக்கு இடையே குறைந்தபட்ச ஓய்வை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தரையின் குறிப்பேடு ஊருக்கு ஊர் குழுவோடு போக வேண்டும். இருக்கைக்கு அடியில் இருப்பதையும் மேடையைப்போலவே ஒவ்வொரு நாளும் சோதிக்க வேண்டும். அடுத்த முறை ஐஸ் ஷோவுக்குப் போனால் கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பனித்தரையைக் காத்தவர் பெயர் அதில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். சீட்டு வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு.