மடித்து வைத்த திருநீறு

சென்ற வருடம் ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலப் பாதையில் பாதியைத் தாண்டி அடி அண்ணாமலையார் கோயிலுக்குள் போனோம். உடன் வந்த நண்பர் கிறிஸ்தவர், பள்ளி ஆசிரியர். குருக்கள் வரிசையாக விபூதி கொடுத்துக்கொண்டே வந்தார். நண்பர் முன்னால் கை நீண்டபோது ஒரு கணம் தயங்கினார். பிறகு வாங்கி, சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவரே சொன்னார்: “நெத்தியில வச்சா அது பொய். வேணாம்னு சொன்னா அது அவமானம். நான் என்னதான் சார் பண்றது?”

அப்போதுதான் எனக்கு அபிஷிக்தானந்தரின் ‘த சீக்ரெட் ஆஃப் அருணாசலா’ நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே படித்த நூல்தான். ஆனால் நண்பரின் கேள்வியோடு திரும்ப வாசித்தபோது அது வேறொரு நூலாக இருந்தது.

இந்த ஊரைப் பற்றி வெளிநாட்டவர் எழுதிய நூல்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான்: வந்தேன், மலையைப் பார்த்தேன், கரைந்தேன். அபிஷிக்தானந்தரையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பலர் பேசுகிறார்கள். ரமணாசிரமப் பக்கம் உள்ள வாசகர்களுக்கு அவர் “நம்ம பக்கம் வந்துட்ட பாதிரியார்”. சபைப் பக்கம் உள்ளவர்களில் சிலருக்கு “வழி தவறிப்போனவர்”. இரண்டு வாசிப்பும் தவறு என்பது என் எண்ணம். அவர் எந்தப் பக்கமும் போய்ச் சேரவில்லை. அந்த நூலின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

ஆள் யாரென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆன்றி லெ சோ. 1910-இல் பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் பிறந்தவர், பெனடிக்டின் துறவி. 1948-இல் தமிழகம் வந்தார். அவருக்குப் பதினைந்து வயது மூத்த குருவானவர் ழூல் மொன்ஷானன், அதற்குள் திருச்சி மறைமாவட்டத்துக் கிராமப் பங்குகளில் பத்தாண்டு கழித்திருந்தார். இருவரும் சேர்ந்து 1950-இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். காவி உடுத்தினார்கள், சைவ உணவு உண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலை வந்து ரமணரைப் பார்த்திருந்தார்கள்.

அந்த முதல் சந்திப்பை எழுதியிருக்கும் விதம்தான் நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தரிசனத்தில் தனக்கு ஒன்றுமே நிகழவில்லை, ஏமாற்றமாக இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஆசிரமத்திலிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம், நீங்கள் மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் புரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்ற பொருளில் கண்டிக்கிறார். பிறகு காய்ச்சல் வருகிறது. காய்ச்சலில் அறிவு தளர்ந்தபோதுதான் அந்த முகமும் வேத ஓசையும் உள்ளே இறங்குகின்றன. இதில் எந்த அற்புதமும் இல்லை. அதனாலேயே நம்ப முடிகிறது.

ரமணர் 1950 ஏப்ரலில் மறைந்தார். 1952 முதல் சில ஆண்டுகள் லெ சோ விட்டு விட்டு மலைக் குகைகளில் வந்து தங்கினார். நூலின் மையம் இந்தக் குகை நாட்கள்தான். அங்கே ஹரிலால் என்று ஒருவர் வந்து பேசுகிறார். பின்னாளில் லக்னோவில் பாப்பாஜி என்று அறியப்பட்ட பூஞ்சாதான் அவர். நீங்கள் தயாராகிவிட்டீர்கள், இந்த ஜெபம், வழிபாடு என்ற கடைசிக் கட்டையும் அவிழ்த்துப் போடுங்கள் என்கிறார் அவர். லெ சோவுக்கு அந்தப் பேச்சு உள்ளே தைக்கிறது. ஆனாலும் கட்டை அவிழ்க்கவில்லை. குகைக்குள் திருப்பலி நிறைவேற்றுகிறார், சங்கீதங்களைச் சொல்கிறார்.

இதை நாம் கவனிப்பதே இல்லை. மனசாட்சிப்படி நடப்பது என்றால் சபையை எதிர்த்து நிற்பது என்று மட்டுமே புரிந்துவைத்திருக்கிறோம். இங்கே ஒரு மனிதன் இரண்டு பக்கமும் எதிர்த்து நிற்கிறான். அத்வைதம் பொய் என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டான், ஏனென்றால் அதை அனுபவித்துவிட்டான். கிறிஸ்துவை விடச் சொன்னால் விட மாட்டான், ஏனென்றால் அதுவும் அவனுக்குப் பொய்யல்ல.

ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்த வேதனையின் முழு அளவு நூலில் இல்லை. அது இருப்பது அவருடைய நாட்குறிப்பில். ராய்முந்தோ பணிக்கர் தொகுத்த அதன் பகுதிகள், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1986-இல் பிரெஞ்சிலும் 1998-இல் ஆங்கிலத்திலும் வந்தன. இதுவரை அறியாத அமைதியை அத்வைதத்தில் கண்டுகொண்டேன், ஆனால் சிறுவயதில் கற்ற கிறிஸ்தவம்தான் உண்மை என்றால் நித்தியத்துக்கும் தவறான பாதையில் அல்லவா போகிறேன் என்ற பயம் 1953 வாக்கிலான பக்கங்களில் அவரை அரிக்கிறது. நூலில் வரும் குகை அமைதியானது. நாட்குறிப்பில் வரும் குகைக்குள் ஒருவர் தூங்காமல் கிடக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்.

ஏன் மறைத்தார்? ஒரு காரணம் வெளிப்படையானது. அந்த அனுபவத்தை வைத்து அவர் முதலில் எழுதிய ‘குஹாந்தர’ கைப்பிரதியைப் பாரிசின் திருச்சபைத் தணிக்கையாளர் நிராகரித்துவிட்டார். அருணாசல நினைவுகளும் அவர் உயிரோடு இருக்கும்வரை நூலாகவில்லை. பிரெஞ்சில் 1978-லும் ஆங்கிலத்தில் 1979-லும்தான் வெளிவந்தன. ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் பேசுவது கிட்டத்தட்ட என் நண்பரின் விபூதிப் பிரச்சினையைத்தான். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா? அறிவுள்ளவனுக்கு அதில் ஒன்றுமில்லை என்கிறார் பவுல். ஆனால் உன் அறிவினால் பலவீனமான சகோதரனின் மனச்சாட்சி இடறுமானால் விட்டுவிடு என்கிறார். தன் மனசாட்சியைக் காப்பது ஒன்று, அடுத்தவர் மனசாட்சியை மிதிக்காமலிருப்பது இன்னொன்று. லெ சோவின் மௌனத்தில் தணிக்கைக்கு அஞ்சியதும் இருக்கலாம், இந்த அக்கறையும் இருக்கலாம். நான் இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

இந்த இடத்தில் மொன்ஷானனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அபிஷிக்தானந்தரைப் புகழ்கிறவர்கள் மொன்ஷானனைத் துணிவில்லாத துணைப் பாத்திரமாக்கிவிடுகிறார்கள். அவர் இந்தியாவை நேசித்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திரித்துவத்தில் அன்பு செய்ய இன்னொருவர் வேண்டும், அத்வைதத்தில் இரண்டாமவருக்கு இடமே கிடையாது. இந்த இடைவெளியை வார்த்தையால் மூடிவிட முடியாது என்று அவர் நினைத்தார். தோழர் போகும் தூரத்தைக் கண்டு கவலைப்பட்டார். அதுவும் மனசாட்சிதானே? ஒத்துப்போகாத இரண்டு மனசாட்சிகள் ஒரே ஆசிரமத்தில் ஒரே பலிபீடத்தின் முன் நின்றன. மொன்ஷானன் 1957-இல் பாரிசில் இறந்தார். அந்தக் கேள்வி தீராமலேயே போயிற்று.

1875-இல் கர்தினாலாவதற்கு முன் நியூமன் எழுதியதை இங்கே நினைக்கலாம். முதலில் மனசாட்சிக்கு, பிறகு போப்பாண்டவருக்கு என்று மதுக்கோப்பை உயர்த்துவேன் என்றார் அவர். எல்லாரும் எடுத்தாள்வது இதை மட்டுமே. அதே கடிதத்தில், மனசாட்சியை ஒருவனுடைய சொந்த விருப்பம் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் வாதிடுகிறார். மனசாட்சி என்றால் நமக்குப் பிடித்ததைச் செய்வதல்ல, நமக்கே வசதியில்லாததைச் சுமப்பது. அந்த அளவுகோலில் லெ சோ தேறிவிடுகிறார். 1964-இல் பணிக்கரோடு கங்கோத்ரி போனபோதும் திருப்பலியை விடவில்லை. இரண்டையும் இணைக்கும் கோட்பாடு எதுவும் கடைசிவரை அவருக்கு நிறைவளிக்கவில்லை. விடியும்வரை இந்த இழுபறியிலேயே இருப்பதுதான் நல்லது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1973 டிசம்பரில் இந்தூரில் இறந்தபோதும் அவர் குருவானவர்தான்.

நூலின் பெரிய குறை வேறு. அதில் மலை இருக்கிறது, சாதுக்கள் இருக்கிறார்கள், குகை இருக்கிறது. ஆனால் இந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் இல்லை. டேனிஷ் மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள், தீபத்துக்கு ஊரே திரளும்போது அதன் நடுவே ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள். அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினார் என்பது மரபு, அவருக்கு அங்கே சின்னக் கோயிலும் உண்டு. அவருடைய திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் ஆங்கிலிக்கன் குருவாகவே வாழ்ந்தார். போப்புக்கு அது நூல். லெ சோவுக்கு அது தவம். தெருவில் வாழ்கிற கிறிஸ்தவனுக்கோ அது பக்கத்து வீட்டுக்காரர் நீட்டும் சுண்டல்.

நூலை நண்பருக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். “பெரிய மனுஷன்தான் சார். ஆனா இவருக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல. பொண்ணுக்கு வரன் பாக்க ஐயர்கிட்ட லெட்டர் வாங்கணும்னு இல்ல. செத்தா எந்தக் கல்லறைத் தோட்டத்துல வைப்பாங்கன்ற கவலையும் இல்ல. தனி ஆளுக்கு மனசாட்சி கொஞ்சம் லேசு” என்றார்.

இந்த நூலைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதுவே கூர்மையானது. முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். லேசாக இருந்திருந்தால் அந்த நாட்குறிப்பு எழுதப்பட்டிருக்காது. அதையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

“அந்த விபூதி என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“மேசை டிராயர்லதான் கெடக்கு. வீட்ல பாத்துட்டு, என்ன இதுன்னு கேட்டா. கோயில்ல குடுத்தாங்கன்னேன். சரி, கீழ கொட்டிராதீங்கன்னா.”

அவர் மனைவி வாராவாரம் ஆராதனையில் பாடல் குழுவில் முன்வரிசையில் நிற்பவர்.