தோலில் எழும் பூ

உழ்ஹிய்யா எனும் ஹஜ்ஜுப் பெருநாள் பலிப்பிராணியின் தோலை, அதை அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கக்கூடாது என்பது மார்க்கச் சட்டம். கல்முனைப் பக்கத்தில் தோலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அந்தத் தோலில் பூ வெட்டலாம் என்பது தனிச் சங்கதி.

1922இல் தாகூர் சாந்திநிகேதன் அருகே தொடங்கிய ஸ்ரீநிகேதனில் வளர்ந்த கைவேலைகளில், இப்படித் தோலை அலங்கரிக்கும் வேலையும் ஒன்று. சாந்திநிகேதன் பைகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

குரோம் உப்பால் பதனிட்ட தோல் இப்படிச் செதுக்குவதற்கு உதவாது, தடம் நிற்காது. ஆவாரை போன்ற தாவரங்களின் பட்டையில் பதனிட்டதுதான் வேண்டும். நீர் தொட்டு நனைத்து, கறுத்த நிறம் மெல்ல வெளுக்கத் தொடங்கும்போது கத்தி வைக்கணும். முந்தினால் கோடு மழுங்கும். பிந்தினால் கத்தி இழுக்கும். வெட்டு பாதிக் கனத்தைத் தாண்டக்கூடாது. பிறகு கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சரிந்த முகமுள்ள உலோக அச்சால் தட்டித் தாழ்த்தினால், மறுபக்கம் இதழாக எழும். என்னைக் கேட்டால், சாயம் பூசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரும்புச் சுத்தியல் வேண்டாம், அச்சின் தலை கெடும், மரச்சுத்தியலே போதும். நம் கடற்காற்றில் சரியாக உலராத தோல் பூஞ்சணம் பிடிக்கும், கவனம்.