வங்கிகளின் கையில் ஒரு சாவி: லங்காபே தலைமைக் கட்டமைப்பின் பலமும் குறையும்

இலங்கை வங்கிகள் தமக்கிடையே பரிமாறிக்கொள்ளும் காசோலை விம்பங்களுக்கும் மின்வழிப் பணமாற்றங்களுக்கும் தேவையான டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்களை வழங்குவது லங்காசைன். லங்காபே நிறுவனம் 2009இல் தொடங்கிய சேவை இது. தாய் நிறுவனமான லங்காபே 2002இல் லங்காகிளியர் என்ற பெயரில் அமைந்தது. அதுவரை மத்திய வங்கியின் கையிலிருந்த தன்னியக்கத் தீர்வகத்தின் பணியைப் பொறுப்பேற்றது. 2013இல் வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரங்களை ஒரே வலையமைப்பில் இணைத்தது. 2015இல் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. நிறைவேற்றுத் தலைமையில் சுனிமல் வீரசூரியவும் பின்னாளில் சன்ன டி சில்வாவும் இருந்துள்ளனர். மத்திய வங்கியும் உரிமம் பெற்ற வர்த்தக வங்கிகளும்தான் இதன் பங்குதாரர்கள். ஆகவே பணிப்பாளர் சபையிலும் அவற்றின் பிரதிநிதிகள் அமர்கின்றனர். மறைகுறியாக்கத்தை நம்பி நடக்கும் ஒரு நிறுவனத்தை அதன் வாடிக்கையாளர்களே கூடி ஆளும் இந்த ஏற்பாடு எங்கே பலமாக நிற்கிறது, எங்கே இடறுகிறது என்பது ஆராயத்தக்கது.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை எழுதிக் கொடுத்த காசோலை, பொரளையில் வேறொரு வங்கியின் கிளையில் வைப்பிலிடப்படுகிறது என்று கொள்வோம். 2006க்கு முன் அந்தக் காகிதமே பையில் கட்டப்பட்டுக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து வழங்கிய வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். வெளியூர்க் காசோலையானால் நாள்கள் இழுபடும். 2006இல் வந்த விம்ப முறையில் காகிதம் வைப்பிலிட்ட வங்கியோடு நின்றுவிடுகிறது. அதன் முன்பக்க, பின்பக்க விம்பங்கள் மட்டும் பயணம் செய்கின்றன. 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் இந்த விம்பத்துக்குச் சட்ட வலு தந்தது. ஆனால் விம்பத்தைத் திருத்துவது காகிதத்தைத் திருத்துவதைவிட எளிது. வழியில் ஒரு பூச்சியம் கூடவில்லை, அனுப்பியது இன்ன வங்கிதான் என்று உறுதிசெய்ய டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படுகிறது. கையொப்பம் அந்த வங்கியுடையதுதான் என்று சொல்ல ஒரு சான்றிதழ் தேவை. அந்தச் சான்றிதழில் கையொப்பமிட மூலச்சாவி தேவை. கடைசியில் எல்லா நம்பிக்கையும் வந்து தங்குவது அந்த மூலச்சாவியில்தான்.

மூலச்சாவியைக் காப்பதற்குச் சான்றளிக்கும் நிறுவனங்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. சாவி ஒரு தனிக் கருவிக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே இருக்கும். பிரித்தால் உள்ளிருக்கும் சாவியை அழித்துவிடும்படி அந்தக் கருவி அமைக்கப்படுகிறது. அதை இயக்கும் உரிமை பல அட்டைகளாகப் பகிரப்பட்டு வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் போகிறது. ஐந்து பேரில் மூவர் ஒன்றுகூடினால் இயங்கும், இருவர் சேர்ந்தால் இயங்காது என்பது போன்ற விதி உண்டு. இரகசியத்தை இவ்வாறு பங்கிடும் கணித முறையை அடி ஷமீர் 1979இல் வெளியிட்டார். சாவி உருவாகும் நாளில் சாட்சிகளும் கணக்காய்வாளரும் கூடியிருக்க, ஒவ்வொரு கட்டளையும் முன்கூட்டி எழுதிய நிரலின்படி நிறைவேறும், படப்பதிவும் நடக்கும். இணையத்தின் பெயர் முறைமைக்கான மூலச்சாவிச் சடங்குகள் 2010 முதல் நேரலையாகவே காட்டப்படுகின்றன. எந்த ஒரு மனிதரிடமும் முழு அதிகாரம் போய்ச் சேரக்கூடாது, நடப்பது மற்றவர் கண்ணில் பட வேண்டும் என்ற இந்த இரண்டு விதிகளும் சாவிக்குப் பொருந்துகின்றன என்றால் தலைமைக்கும் பொருந்த வேண்டும். லங்காபே முதல் விதியை நன்றாக நிறைவேற்றுகிறது. இரண்டாவதில்தான் குறை.

முதலில் பலம். தனியொருவர் உரிமையில் இருக்கும் மறைகுறியாக்க நிறுவனம் எவ்வளவு தூரம் வளைக்கப்படலாம் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. மறக்க முடியாத சான்று. 1970இல் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.யும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் அதை இரகசியமாக வாங்கின. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்ற கருவிகள் அவர்கள் படிக்கத்தக்க விதத்தில் பலவீனமாக்கப்பட்டன. இது முழுமையாக வெளிவந்தது 2020இல்தான். ஊழியர்களில் பெரும்பாலோருக்கே விடயம் தெரியாது. கணித மேதைகள் தொடங்கிய நிறுவனமும் தப்பவில்லை. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரின் பெயரால் 1982இல் எழுந்த ஆர்.எஸ்.ஏ. பின்னர் வணிக முகாமையாளர்களின் கைக்கு மாறியது. பலவீனமான ஓர் எழுந்தமான எண்ணாக்கியைத் தன் மென்பொருளில் இயல்புநிலையாக வைக்க அது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் ஒரு கோடி டொலர் பெற்றதாக 2013இல் செய்தி வந்தது. தெரிந்தே பின்கதவு வைத்ததாகச் சொல்லப்பட்டதை நிறுவனம் மறுத்தது. ஆனால் அந்த எண்ணாக்கியை வைக்கும் முடிவு உள்ளேயிருந்து தடுக்கப்படவில்லை.

லங்காபேயில் இப்படி ஒரு கை மட்டும் புகுவது கடினம். ஒன்றோடொன்று போட்டியிடும் வங்கிகள் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒரு வங்கிக்கு மட்டும் ஆதாயமான பொறிமுறையை மற்றவை விடமாட்டா. அரச வங்கி, தனியார் வங்கி, கிளை பரப்பியிருக்கும் வெளிநாட்டு வங்கி என நலன்கள் வேறுபடுவதே ஒரு காவல். நிறுவனத்தை விற்றுக் கைகழுவும் ஆசையும் இந்தப் பங்குதாரர்களுக்கு எளிதில் வராது. அவர்களுடைய அன்றாடத் தொழிலே இதன் மேல்தான் ஓடுகிறது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் கதையோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். 2011 ஜனவரியில் அந்தச் சான்றளிப்பு நிறுவனம் கைமாறியது. அதே ஆண்டு கோடையில் ஊடுருவல். கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் உட்பட ஐந்நூறுக்கும் மேல் வெளியேறின. அவற்றைக் கொண்டு ஈரானில் மக்களின் மின்னஞ்சல்கள் ஒற்றுப் பார்க்கப்பட்டன. நிர்வாகம் பல வாரம் வாய் திறக்கவில்லை. செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது.

குறைகளில் முதன்மையானது, வாடிக்கையாளரும் உரிமையாளரும் ஒருவரே என்பது. வங்கியொன்றின் பாதுகாப்பு ஒழுங்கு தளர்ந்திருந்தால் அதைக் கண்டிக்க வேண்டிய நிறைவேற்று அதிகாரி, அந்த வங்கியின் பிரதிநிதி அமர்ந்திருக்கும் சபைக்கே பதில் சொல்பவர். சான்றிதழை இடைநிறுத்தும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? இந்தச் சிக்கல் கொழும்புக்கு மட்டும் உரியதல்ல. 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கிய சுவிஃப்ட் நிறுவனமும் வங்கிகளின் கூட்டுறவே. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் சுவிஃப்ட் வழியாக ஏறத்தாழ 95 கோடி டொலருக்கு 35 கட்டளைகள் அனுப்பினர். எட்டுக் கோடியே பத்து இலட்சம் மணிலாவுக்குப் போய் மறைந்தது. இரண்டு கோடி இலங்கைக்கு வந்தது. பெறுநரின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழை சந்தேகத்தைக் கிளப்ப, அது திரும்பிப் போனது. கட்டளைகள் எல்லாம் முறையான கையொப்பத்தோடுதான் வந்தன. கணிதம் எங்கும் உடையவில்லை. தன் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என்று தொடக்கத்தில் சொன்ன சுவிஃப்ட், சில மாதங்களுக்குள் எல்லா உறுப்பு வங்கிகளுக்கும் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. உறுப்பினர்களை உறுப்பினர்களின் நிறுவனமே கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு அது சான்று. அதற்குப் பத்துக் கோடி டொலர் வெளியேற வேண்டியிருந்தது என்பது வேதனை.

இரண்டாவது குறை, மத்திய வங்கி வகிக்கும் இரட்டை வேடம். கொடுப்பனவு முறைமைகளை ஒழுங்குபடுத்துவதும் அதுவே, பங்குதாரராக இருப்பதும் அதுவே. தொடக்க காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. ஒன்றையொன்று நம்பாத வங்கிகளை ஒரே முறைமைக்குள் கொண்டுவர அந்த அதிகாரம் தேவைப்பட்டது. அது இல்லாமல் பொது ஏ.டி.எம். வலையமைப்பு வந்திருக்குமா என்பது ஐயமே. முறைமை வேரூன்றிய பிறகு நிலை வேறு. தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் தவறை ஒழுங்குபடுத்துநர் பகிரங்கப்படுத்துவது கடினம். உலாவிகளில் இயங்கும் சான்றிதழ்களுக்கென்றால் வெளியே ஒரு கண் உண்டு: 2024இல் கூகுள் குரோம், நீண்ட காலம் இத்தொழிலில் இருந்த என்ட்ரஸ்ட் நிறுவனத்தின் புதிய சான்றிதழ்களை இனி ஏற்பதில்லை என அறிவித்தது. தொடர்ந்து நேர்ந்த ஒழுங்கு மீறல்களும் அவற்றைத் திருத்துவதாகத் தந்த வாக்கு நிறைவேறாததும் காரணமாகச் சொல்லப்பட்டன. வங்கிகளுக்குள் மட்டும் புழங்கும் சான்றிதழ்களுக்கு அப்படி ஒரு வெளிக்கண் இல்லை.

சபையில் யார் அமர்கிறார்கள் என்பதும் பொருட்டானது. வங்கி நியமிக்கும் பணிப்பாளர் கடன், நிதி, செயற்பாடு ஆகியவற்றில் கைதேர்ந்தவராக இருப்பார். அவரது வங்கி அவரை மாற்றினால் இருக்கையில் வேறொருவர் வருவார். பாதுகாப்புச் செலவோ பலன் கண்ணுக்குத் தெரியாத செலவு. அதைத் தள்ளிப்போடும் சபை என்ன விலை கொடுக்க நேரும் என்பதை நாடு 2023 ஓகஸ்டில் பார்த்தது. அரச மேகக் கணினியைப் பணயத்தீநிரல் தாக்கியபோது அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை மீட்க முடியாமல் போயின. பழைய 2013 பதிப்பு மின்னஞ்சல் சேவையகத்தை மாற்றும் திட்டம் நிதிப் பற்றாக்குறையாலும் அதை நடத்திய நிறுவனத்தின் முந்தைய சபை முடிவுகளாலும் தாமதித்ததாக அப்போது விளக்கம் தரப்பட்டது. லங்காபே அதனோடு தொடர்புடையதல்ல. ஆனாலும் இழப்பு தொழில்நுட்பத்தில் தொடங்கவில்லை, கூட்ட அறையில் தொடங்கியது என்பது இத்தகைய எல்லாச் சபைகளுக்கும் உரிய பாடம்.

இந்தக் கட்டமைப்பைக் கலைத்துத் தனியாரிடம் கொடுப்பது மருந்தல்ல, கிரிப்டோ ஏ.ஜி.யும் டிஜிநோட்டாரும் அதற்குப் போதிய எச்சரிக்கை. வங்கிகளின் கூட்டுரிமை இருக்கட்டும். அதனோடு மறைகுறியாக்கம் அறிந்த, எந்த வங்கியையும் சாராத ஒரு பணிப்பாளராவது வேண்டும். கொழும்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய அறிவு இருக்கிறது. தகவல் பாதுகாப்புத் தலைவர் நிறைவேற்று அதிகாரியைத் தாண்டிச் சபையின் கணக்காய்வுக் குழுவிடம் நேரே பேச வழி வேண்டும். சான்றளிப்பு நடைமுறையின் வெளிக்கணக்காய்வு முடிவுகளை வைப்பாளர் வாசிக்கத்தக்க மொழியில், தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். தரவு கசிந்தால் அறிவிக்கும் கடமையைக் கொண்டுவந்த 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி 2025இல் பிற்போடப்பட்டது. சட்டம் தாமதிக்கிறது என்பதற்காக நிறுவனமும் காத்திருக்கத் தேவையில்லை.

சபையின் முன் இன்னொரு முடிவும் நிற்கிறது. குவாண்டம் கணினிகள் போதிய அளவுக்கு வளர்ந்தால் அதே மூவரின் பெயர் தாங்கிய ஆர்.எஸ்.ஏ. முறையிலான இன்றைய கையொப்பங்கள் நிற்கமாட்டா. குவாண்டம் கணினிகளைத் தாங்கும் மறைகுறியாக்கத்துக்கான முதல் மூன்று தரங்களை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஓகஸ்டில் வெளியிட்டது. மூலச்சாவியை மாற்றுவதென்றால் ஒவ்வொரு வங்கியின் மென்பொருளும் கருவியும் மாற வேண்டும். பல ஆண்டு வேலை அது. செலவு இன்றைய சபையின் தலையில் விழும், பலன் கிடைக்கும்போது இருக்கைகளில் வேறு யாரோ இருப்பார்கள். அந்தச் செலவுக்கு இன்றே நிதி ஒதுக்கும் சபைதான் தன் பொறுப்பை உணர்ந்த சபை.