அம்பாசடரின் பின்பலகை

அம்பாசடருக்கு ஸ்பீக்கர் மாற்றுகிறவர்கள் முதலில் காந்தத்தைத்தான் கையில் தூக்கி எடை பார்க்கிறார்கள். நான் பலகையைப் பார்ப்பேன். பின்கண்ணாடிக்குக் கீழே டிக்கியை மூடிக் கிடக்கும் அந்தப் பலகைதான் வண்டியின் தொண்டை. கோனின் முன்பக்கத்துச் சத்தமும் பின்பக்கத்துச் சத்தமும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடாமல் நடுவே நின்று தடுப்பது அது. பலகை இறுக்கமாக இருந்தால் டிக்கி முழுவதும் ஸ்பீக்கருக்குப் பெட்டி. ஊறி உப்பிய ஹார்ட்போர்டில் எவ்வளவு விலை கொடுத்து ஓவல் மாட்டினாலும் தவிலின் தொப்பி தகரம் தட்டுவதுபோலத்தான் கேட்கும். 12 மி.மீ. மரைன் பிளைவுட், சுற்றிலும் ஃபெல்ட், ஆணி வேண்டாம், ஸ்க்ரூ. அதற்குமேல் அவசரப்படாத ஓர் ஆசாரி.

அதில் உட்காரவேண்டியது 6-க்கு 9 அங்குல ஓவல் ஸ்பீக்கர். காகிதக் கோன், துணி விளிம்பு. பிளாஸ்டிக் கோன் கட்சிக்காரர்கள் ஐப்பசி ஈரத்தைச் சொல்லி பயமுறுத்துவார்கள். பூஞ்சை பிடிக்கும்தான், துடைத்துக்கொள்ளலாம். கதவை அறுத்து ஸ்பீக்கர் வைக்கச் சொல்கிறவர்களுக்குத்தான் என்னிடம் பதில் கிடையாது. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேதான் இறங்குகிறது. அறுத்த தகரமோ திரும்ப ஒட்டாது.

ஒயரிங்கில் ஒன்றே ஒன்று. பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு காலை பாடியிலேயே எர்த் கொடுத்திருப்பார்கள். புது செட்டை அதே ஒயரில் மாட்டினால் ஐ.சி. போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர், செட் வரைக்கும் தனித்தனியாக.

பிளஸ், மைனஸ் சரிபார்க்க 1.5 வோல்ட் பேட்டரி போதும். தொட்டதும் கோன் முன்னால் தள்ளினால் சரி. நான் அதோடு விடுவதில்லை, நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போடுவேன். மோனோ ஒலிப்பதிவு. ஒரு ஸ்பீக்கர் மாறியிருந்தாலும் நாகஸ்வரம் மெலிந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. சரியாக இருந்தால் பின்சீட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காருகுறிச்சி அருணாசலத்தின் குழைவுதான் காருக்கு இதம் என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. இதம்தான், ஆனால் அந்த இதத்தில் ஸ்பீக்கரின் குறை மறைந்துவிடும். பிள்ளையவர்கள் நிலைநிறுத்திய பாரி நாயனத்தின் கார்வை எதையும் மறைக்காது. அவர் 1956-இல் போனார். ஆடுதுறை தாண்டி அவருடைய திருவாவடுதுறைப் பக்கம் போகும்போதெல்லாம் இன்றும் தோடிதான் ஓடும்.

எங்கள் தாராசுரம் கோயிலில், தட்டினால் ஸ்வரம் பேசும் பலிபீடப் படிகளை, தட்டுகிறவர்களிடமிருந்து கம்பி போட்டுக் காக்கவேண்டியதாயிற்று. ஓங்கித் தட்டுவதே சங்கீதம் என்கிற கூட்டம் இப்போது டிக்கியில் சப்-ஊஃபர் வைக்கிறது. செட்டின் அட்டைப்பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்திருக்கும். 14.4 வோல்ட்டில் செட் மட்டுமே ஓட்டினால் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 25 வாட் வந்தாலே அதிகம். நாயனத்துக்கு அதில் பாதியே தாராளம்.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014-இல். ஆகவே இருக்கிற வண்டியில் கிழிந்த ஓவல் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். காந்தம் நன்றாக இருந்தால் மைக் செட் ஸ்பீக்கர் பார்க்கிறவர்களே கோனும் காயிலும் மாற்றித் தருவார்கள். 4 ஓம் என்று மறக்காமல் சொல்லிக் கொடுங்கள்; பழக்கதோஷத்தில் 8 ஓம் போட்டுவிடுவார்கள்.